மலைநாட்டுத் தோட்டங்களும் மருத்துவப் பதிவேடும்

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் வைத்தியத்திற்கு நான்கு உறுப்புக்கள் கூறுவர். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பன அவை. ஒரு வைத்தியன் ஓரூரிலேயே வாழ்ந்து தந்தையையும் மகனையும் பேரனையும் அறிந்திருந்த காலத்திற்கு இந்நான்கும் போதியனவாயின. நோயாளியின் முன்னை வரலாறு வைத்தியனின் நெஞ்சிலேயே இருந்தது. இன்றோ, காலையில் தோட்டத்து மருந்தகத்திற்குச் சென்றவர் மாலையில் டிக்கோயாவிலும், மறுநாள் நுவரெலியாவிலும், மறுவாரம் கண்டியிலும் வெவ்வேறு வைத்தியர் முன் நிற்கின்றார். அவருடைய வரலாற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வதற்கு ஐந்தாவது உறுப்பொன்று வேண்டியதாயிற்று. அதுவே பதிவேடு.

நமது மலைநாட்டுத் தோட்டங்களில் இவ்வைந்தாம் உறுப்பு எவ்வாறு தோன்றியது, யார் பொருட்டுத் தோன்றியது, இன்று கணினியின் துணையோடு அது எவ்வடிவம் பெறுகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய முதற் பதிவுகள் அவர்தம் உடல்நலங் கருதி எழுந்தவையல்ல. கோப்பிப் பயிர்ச் செய்கைக் காலந்தொட்டே தொழிலாளரின் பெயர், கங்காணியின் கணக்கிலும் தோட்டத்துச் செக்றோலிலும் வேலைநாள் எண்ணுதற்காகவே எழுதப்பட்டது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டதும், 1869ஆம் ஆண்டில் கோப்பியை இலைநோய் பற்றியதும், அதன்பின் மலைச்சாரல் முழுவதும் தேயிலை பரந்ததும் யாவரும் அறிந்தனவே. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே கடல் கடந்து வருவோரைத் தொடர்ந்து கணக்கில் வைத்தலும் வேண்டியதாயிற்று. 1901ஆம் ஆண்டில் தகரத் துண்டு முறை புகுத்தப்பட்டது. தமிழகத்திலிருந்து புறப்படும் ஒவ்வொருவர்க்கும் ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. தோட்டப் பகுதியைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும், ஆளைக் குறிக்கும் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இருந்த முகாம்களிலே, அம்மை, வாந்திபேதி முதலிய தொற்றுநோய்கள் தீவுக்குள் நுழையாவண்ணம் தடுத்துவைத்து அனுப்பப்பட்டவர்களின் கையில் இருந்த அடையாளம் அதுவே.

இத்தகரத் துண்டைச் சற்று உற்றுநோக்குதல் தகும். ஒரு மனிதரை ஓரிடக் குறியும் ஒரு தொடர் இலக்கமும் கொண்டு எங்கும் ஐயமின்றி இனங்காணலாம் என்பது அதன் தத்துவம். இலங்கைச் சுகாதார அமைச்சு இன்று நோயாளருக்கு வகுத்துள்ள தனிநபர் சுகாதார இலக்கமும் இத்தத்துவத்தின்மேலேயே அமைந்துள்ளது. வழங்கும் இடத்தின் குறி, தொடர் இலக்கம், எழுதுவோர் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இலக்கம் என்பன அதன் பகுதிகள். கருவி ஒன்றுதான்; நோக்கமோ வேறு. முன்னையது ஆளைத் தோட்டத்திற்குக் கட்டிவைத்தது. பின்னையது மருத்துவத்தை ஆளுக்குப் பின்னால் அனுப்ப முயல்கின்றது. ஒரே கருவி இருவேறு எசமானர்க்குப் பணிசெய்யும் என்பதை வரலாறு கற்போர் மறத்தலாகாது.

நோய் பற்றிய பதிவுகளுக்கு அடிகோலியது சட்டமே. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டில் முறையாகத் தொடங்கியது. தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் கடமை தோட்ட அதிகாரியைச் சார்ந்தது. கோப்பித் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்து 1872ஆம் ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பல திருத்தங்களுக்குப் பின், 1912ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டமும் நிறைவேறின. தோட்டங்களில் மருந்தகங்கள் எழுந்தன. டிஸ்பென்சர் என்று ஊரார் அழைத்தவரும், பின்னாளில் தோட்ட வைத்திய உதவியாளர் எனப் பெயர் பெற்றவருமாகிய உத்தியோகத்தர், நாள்தோறும் வருவோரின் பெயரையும் நோயையும் கொடுத்த மருந்தையும் பேரேட்டில் எழுதிவந்தார். லயத்து மக்கள் அவரை டொக்டர் ஐயா என்றே அழைத்தனர். அவர் எழுதிய ஏடோ தோட்டத்துக்கு உரியது. பிரட்டுக்கு வராதவர் மெய்யாகவே நோயாளியா என்பதற்குச் சான்றும் அதுவாகவே இருந்தது.

மக்களின் நோயை மக்கள் பொருட்டே எண்ணிய முயற்சி பின்னரே வந்தது. றொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. ஆட்களைப் பெயர்வாரியாகப் பட்டியலிட்டு, மலத்தை நுணுக்குக்காட்டியால் சோதித்து, புழு கண்டவர்க்கு மருந்து கொடுத்து, முடிவை எழுதிவைப்பது அதன் முறை. சோதிக்கப்பட்டோரிற் பெரும்பாலாரிடம் புழு காணப்பட்டது. சோம்பல் என்று துரைமார் பழித்த பலவற்றுக்கு இரத்தச் சோகையே காரணம் என்பது எண்களால் விளங்கிற்று. மருந்து மட்டும் போதாது, மலகூடமும் பாதுகாப்பான நிலமும் வேண்டும் என்பதும் புலனாயிற்று. ஒழுங்கான பதிவேடு பழிச்சொல்லை நோயின் பெயராக மாற்றவல்லது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

ஆயினும் ஒவ்வொரு மருந்தகமும் தன் போக்கில் எழுதுமாயின் அவற்றை ஒன்றோடொன்று கூட்டிப் பார்த்தல் இயலாது. ஒருவர் காய்ச்சல் என்பார்; மற்றவர் சுரம் என்பார்; வேறொருவர் மலேரியா என்றே முடிவு கட்டுவார். இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் பதிவுத் திணைக்களத்தில் பணியாற்றிய வில்லியம் பார் என்பவர், ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்களும், ஒரே பெயருக்கு அத்தனை நோய்களும் வழங்குவதை 1839ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டி, அளவைகளும் நிறைகளும் பௌதிகத்திற்கு எவ்வளவு இன்றியமையாதனவோ அவ்வளவு நோய்ப்பெயர் ஒழுங்கும் மருத்துவத்திற்கு இன்றியமையாதது என வற்புறுத்தினார். 1893ஆம் ஆண்டில் ஜாக் பெர்த்தியோன் சிக்காகோவில் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியல் நாடுகள் பலவற்றால் ஏற்கப்பட்டது. 1948ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பொறுப்பேற்று, இறப்போடு நோயையும் சேர்த்து ஆறாம் திருத்தத்தை வெளியிட்டது. பத்தாம் திருத்தம் 1990ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. பதினோராம் திருத்தம் 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2022 சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது.

இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றோரின் நோய்கள், படுக்கைச் சீட்டிலிருந்து எடுக்கப்பட்டு இச்சர்வதேசப் பட்டியலின்படி தொகுக்கப்படுகின்றன. நாட்டின் நோய்நிலை பற்றி நாம் அறிவதிற் பெரும்பகுதி இத்தொகுப்பின் வழியாகவே கிடைப்பது. இங்கேதான் தோட்ட மக்களின் குறை வெளிப்படுகின்றது. அத்தொகுப்பு விடுதி நோயாளரை மட்டுமே எண்ணும். அதுவும் அரசாங்க வைத்தியசாலைகளில் உள்ளோரை மட்டுமே. தோட்டத்து மருந்தகத்தில் தலைச்சுற்றலுக்கும் இருமலுக்கும் மருந்து வாங்கிக்கொண்டு மறுநாள் கொழுந்து பறிக்கச் சென்ற பெண்ணின் நோய் அதில் இடம்பெறுவதில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டது. தொழிலாளர் நலப் பணிகளுக்கென ஒரு நிதியமும் அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டது. பின்னர்ச் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு எழுந்த 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. கட்டடங்கள் மாறின, உரிமையாளர் மாறினர். ஆனால் பேரேடோ பேரேடாகவே அலுமாரியில் கிடந்தது.

எனது தந்தையார் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூற விரும்புகின்றேன். அவருக்குக் கந்தகஞ் சேர்ந்த மருந்து ஒன்று ஒவ்வாது. எங்கள் தோட்டத்து மருந்தகப் பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே அது சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்ததை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கின்றேன். ஆண்டுகள் பல கழிந்தபின், நோயுற்ற அவரை நகரத்து வைத்தியசாலையொன்றுக்குக் கொண்டுசென்றோம். அங்கே அம்மருந்தே கொடுக்கப்பட்டது. உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறி, மூன்று நாள் கண்விழித்துக் காத்த பின்னரே பிழைத்தார். வைத்தியரைக் குறைகூற வழியில்லை. அவருக்கு அது தெரியாது. எழுதியவரையும் குறைகூற வழியில்லை. அவர் எழுதியே வைத்திருந்தார். எழுத்து ஓரிடத்திலும் நோயாளி வேறோரிடத்திலும் இருந்தமையே குறை.

இக்குறையை நீக்கவே எழுதிய வசனத்தைக் கணினி வாசித்து ஒழுங்குபட்ட பதிவாக மாற்றும் கலை வளர்ந்துள்ளது. இதன் வேர் சற்றுப் பழமையானது. நியூயோர்க்கில் நயோமி சேகர் முதலியோர் மருத்துவ வசனங்களை இலக்கண முறையாற் பகுத்தாராயும் பணியைச் சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலேயே மேற்கொண்டனர். தொண்ணூறுகளில் கொலம்பியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் பிரீட்மன் மார்பு ஊடுகதிர் அறிக்கைகளை வாசிக்கும் முறையொன்றை அமைத்தார். 2001ஆம் ஆண்டில் வெண்டி சாப்மன் முதலியோர் எதிர்மறைச் சொற்களை இனங்காணும் எளிய வழியொன்றை வெளியிட்டனர். அண்மைக் காலத்தில் பேரளவு மொழிமாதிரிகள் இப்பணியை மேலும் விரைவுபடுத்தியுள்ளன.

செய்யும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். மருந்தகக் குறிப்பொன்று பின்வருமாறு இருப்பதாகக் கொள்க: “மூன்று நாளாகத் தலைச்சுற்றல், காய்ச்சல் இல்லை, கொழுக்கிப்புழு என ஐயம், ஹீமோகுளோபின் 8.2, தாய்க்கு நீரிழிவு.” மனிதர் இதனை ஒரு நொடியில் விளங்கிக்கொள்வர். கணினிக்கோ ஐந்து படிகள் வேண்டும்.

முதற்படி, பொருளுள்ள சொற்களைப் பிரித்தெடுத்தல். தலைச்சுற்றல், காய்ச்சல், கொழுக்கிப்புழு, ஹீமோகுளோபின், நீரிழிவு என ஐந்து கிடைக்கும். இரண்டாம் படி, அவற்றின் நிலையை அறிதல். தலைச்சுற்றல் உண்டு; காய்ச்சல் இல்லை; புழு ஐயத்துக்குரியது; நீரிழிவு நோயாளிக்குரியதன்று, அவர் தாய்க்குரியது. ஐந்தையும் ஒருபடித்தாக எழுதிவிட்டால் இல்லாத காய்ச்சலும் தாயின் நீரிழிவும் நோயாளி தலையில் ஏறிவிடும். மூன்றாம் படி, ஒவ்வொன்றையும் பொதுக்குறியீட்டோடு பொருத்துதல். சர்வதேச நோய்ப்பட்டியலின் பத்தாம் திருத்தத்தில் தலைச்சுற்றல் ஆர் 42 எனவும், வகை குறிக்கப்படாத கொழுக்கிப்புழு நோய் பி 76.9 எனவும் வரும். சோதனைகளுக்கு லோயின்க் என்னும் பட்டியல் 1994ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவருகின்றது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு அதில் 718-7. அலகையும் விடாது எழுதவேண்டும். ஒரு டெசிலீற்றரில் 8.2 கிராம் என்பதும் ஒரு லீற்றரில் 82 கிராம் என்பதும் ஒன்றே. அலகு விடுபட்டால் எது சரியென யாரும் சொல்லவியலாது. நோய்ப்பட்டியல் எண்ணுதற்கு ஏற்றது. நோயாளியின் நிலையை நுணுக்கமாகக் கூறுதற்கு 2002ஆம் ஆண்டில் உருப்பெற்ற ஸ்னோமெட் சிற்றி என்னும் விரிவான சொற்றொகுதி உண்டு.

நான்காம் படி, குறியீடு பெற்றவற்றை யாவரும் ஒப்புக்கொண்ட படிவத்தில் அமைத்தல். எச்எல்7 என்னும் அமைப்பு 1987ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் வழிவந்த ஃபயர் என்னும் நியமத்தின் முதல் வரைவை அவுஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் 2011ஆம் ஆண்டில் எழுதினார். இந்நியமத்தில் நோயாளிக்கு ஒரு படிவம், நோய்நிலைக்கு ஒன்று, சோதனை முடிவுக்கு ஒன்று, மருந்துக் கட்டளைக்கு ஒன்று, ஒவ்வாமைக்கு ஒன்று, குடும்ப வரலாற்றுக்கு ஒன்று எனத் தனித்தனி உண்டு. நம் உதாரணத்தில் புழு நோய்நிலைப் படிவத்தில் ‘உறுதிசெய்யப்படாதது’ என்னும் குறிப்போடு அமரும். தாயின் நீரிழிவு குடும்ப வரலாற்றில் அமரும். ஐந்தாம் படி, இவையாவும் இன்னாருக்குரியவை என ஐயமின்றிப் பிணைத்தலும், எந்த வசனத்திலிருந்து யாரால் எப்பொழுது எடுக்கப்பட்டன எனப் பதிதலுமாம்.

இவ்வாறு அமைந்த பதிவு மொழியைக் கடந்து நிற்பது. நோயாளி தமிழிற் கூறுகின்றார். உதவியாளர் ஆங்கிலத்தில் எழுதுகின்றார். விடுதியிற் சிங்களம் பேசும் தாதியார் பணிபுரிகின்றார். 718-7 என்பது மூவர்க்கும் ஒன்றே. மும்மொழி வழங்கும் நாட்டில் இது சிறு நன்மையன்று.

நம் நாட்டிலும் இவ்வழியில் முயற்சிகள் நடந்துள்ளன. 2009ஆம் ஆண்டு முதல் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் வைத்தியர்க்கு உயிர்மருத்துவத் தகவலியல் கற்பிக்கப்பட்டு வருகின்றது. 2011ஆம் ஆண்டளவில் தொம்பே வைத்தியசாலையிற் கணினிப் பதிவு முறை நிறுவப்பட்டு, பின்னர் வேறு வைத்தியசாலைகளுக்கும் பரவியது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொரோனாத் தொற்று உலகை அச்சுறுத்தத் தொடங்கியபோது, இலங்கை வல்லுநர் டிஎச்ஐஎஸ்2 என்னும் திறந்த மென்பொருளில் விரைந்து அமைத்த கண்காணிப்பு முறை பிறநாடுகளுக்கும் வழிகாட்டியாயிற்று. எனவே அறிவும் ஆளும் இங்கு இல்லை என்று கூறவியலாது.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் கூறவேண்டும்.

முதலாவது, பெயர் பற்றியது. நம் மக்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே முன் நிற்கும். முனியாண்டி என்னும் ஒரு பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதக் காணலாம். இது சிறு பிழையெனத் தோன்றும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏழு அல்லது பத்து ஆண்டு இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிரூபிக்கும்படி நம் முன்னோர் பணிக்கப்பட்டனர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் செக்றோலில் வேறொரு பெயரும் இருந்தவர் படும்பாடு எத்தகையது! பெருந்தொகையான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அவ்வழக்கு நீண்டது. ஏட்டுப் பிழை நாட்டையே இழப்பிக்கும் என்பதை உலகில் நம்மைவிட நன்கறிந்த மக்கள் சிலரே. கணினி இரு முனியாண்டிகளை ஒருவராக்கினும், ஒரு முனியாண்டியை இருவராக்கினும், அதன் விளைவை மீண்டும் அவரே சுமப்பார். ஆதலின் ஐயமான இடத்தில் கணினி தானே முடிவுசெய்தலாகாது. மனிதர் ஒருவர் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும்.

இரண்டாவது, சொல் பற்றியது. உடம்புச் சூடு என்று மலைநாட்டுப் பெண் கூறுவது எப்போதும் காய்ச்சலன்று. கைகால் உளைச்சல் என்பது வேலைக்களைப்பாகவும் இருக்கலாம், இரத்தச் சோகையாகவும் இருக்கலாம். இச்சொற்களுக்கு அவசரப்பட்டு ஓர் இலக்கத்தைச் சூட்டினால் பொருள் திரிந்துவிடும். ஆகவே இலக்கத்தின் அருகிலேயே அவர் கூறிய மூலவசனமும் என்றும் இருத்தல் வேண்டும். உரை மூலத்தை அழித்துவிட்டு நிற்பதில்லை. நம் உரையாசிரியர் மரபு அதற்குச் சான்று.

மூன்றாவது, உரிமை பற்றியது. பழைய பேரேடு தோட்டத்தின் உடைமையாக இருந்தது. புதிய பதிவு யாருடையது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலச் செய்தியைச் சிறப்புக் காவலுக்குரியதாக வகுத்துள்ளது. ஒரு பெண் கருவுற்றிருப்பதையோ, ஒருவர் நெடுநோயாளி என்பதையோ வேலை கொடுப்போர் அறிய வழியிருப்பின், தகரத் துண்டு வேறு வடிவில் மீண்டும் வந்ததாகவே முடியும்.

இந்நாளிலும் மலைநாட்டு நோயாளர் பலரின் முழு வரலாறும் அவர்தம் கையிலுள்ள கிளினிக் கொப்பியிலேயே இருக்கின்றது. மழையில் நனைந்து மை கலைந்த அக்கொப்பியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பேருந்துக்குக் காத்துநிற்கும் தாய்மாரை ஹற்றன் வீதியில் நாள்தோறும் காண்கின்றேன். அதில் ஒரு நற்பண்பு உண்டு: அது நோயாளியின் கையில் இருக்கின்றது. கணினிப் பதிவும் அப்பண்பை இழத்தலாகாது. தொலையாமை, யாண்டும் செல்லுதல், யாவர்க்கும் விளங்குதல் என்னும் மூன்றையும் அதனோடு சேர்த்தலே வேண்டுவது.

கணிதமும் உயிரியலும் கற்கும் நம் மாணவர் இத்துறையை நோக்குதல் நன்று. தமிழ்ப் பேச்சுவழக்கையும் மருத்துவச் சொல்லையும் கணினி முறையையும் ஒருங்கே அறிந்தவர் இப்பணிக்கு வேண்டும். அத்தகையோர் தோட்டத்து லயத்திலிருந்தே எழுவராயின், ஐயத்தை ஐயமென்றும், இல்லாததை இல்லையென்றும், ஒருவர் பெயரை அவர் பெயரென்றும் எழுதத் தவறமாட்டார். எனது தந்தையின் பெயருக்கெதிரே சிவப்பு மையால் எழுதிய அந்த முதிய உதவியாளர் தம் கடமையைச் செய்துவிட்டார். அவ்வொரு வரியை மலையிறங்கி நகரம் வரை கொண்டுசெல்லும் கடமை நம்முடையது.